எழுதியவர் பற்றி இரண்டு வரி

மன்னிச்சுக்கங்க அண்ணாச்சி, உங்க கையில இருக்கறதைப் பக்கத்துல உக்காந்தே படிச்சிட்டேன். பழக்கதோஷம். கல்யாணப் பத்திரிகைதானே? பொண்ணுக்கா? சந்தோஷம். சிவகாசியிலதான் அடிக்கக் குடுக்கறீங்களா? நல்லது. குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லட்டுமா? மாப்பிள்ளையோட அப்பா பேருக்கு முன்னாடி 'உயர்திரு' போட்டிருக்கீங்க, பின்னாடி 'அவர்கள்' போட்டிருக்கீங்க. ரெண்டுல ஒண்ணு போதும். ரெண்டும் போட்டா ஒரே ஆள் தோள்ல ரெண்டு துண்டு போட்டுக்கிட்ட மாதிரி இருக்கும். எடுத்தா சம்பந்தி கோவிச்சுக்குவாரா? அப்ப இருக்கட்டும். உங்க வீட்டுப் பத்திரிகை, எனக்கென்ன.

நானும் சிவகாசிக்குத்தான். திருமங்கலத்துல பஸ் ஏறினேன். பேரு சுந்தரமகாலிங்கம், காலேஜ்ல தமிழ் வாத்தியார். எங்க காலேஜ்ல வருசா வருசம் ஆண்டு மலர் போடுவோம், பாத்திருப்பீங்க, எல்லாக் காலேஜ்லயும் உண்டு. பிள்ளைங்க கதை, கவிதை, கட்டுரை, முதல்வர் வாழ்த்துரை, என்.சி.சி. போட்டோ. அந்த மலர்க்குழுவுக்கு இத்தனை வருசமா நான்தான் ஒருங்கிணைப்பாளர். இப்ப இல்ல. மாசி மாசம் எழுதிக் குடுத்துட்டு விலகிட்டேன். அந்த மலர்தான் இன்னைக்கு அச்சுக்கு ஏறுது. என் பையன் எழுதின கதை ஒண்ணு அவன் பேரோட அதுல வரணுமா, வரக் கூடாதாங்கறதுல எங்க வீட்ல ஒரு பிரச்சினை. அது ஒரு வழியா முடிஞ்சுது, ஆனா ஒரே ஒரு வரி பாக்கி நிக்குது, அதுக்குத்தான் இப்ப பிரஸ்ஸுக்குப் போயிக்கிட்டிருக்கேன்.

பையனா? இல்ல அண்ணாச்சி. தவறிட்டான். கார்த்திகையில. மூளைக்காய்ச்சல். மூணாவது வருசம் இயற்பியல்.

நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். எல்லாரும் ஏதாவது சொல்லணும்னு தவிக்கறாங்க, எனக்கு அவங்களைப் பாத்தாத்தான் சங்கடமா இருக்கு. எனக்கு ஒண்ணும் இல்ல. பல்லு பிடுங்கறதுக்கு ஊசி போட்டா உதடு நம்ம உதடாவே இருக்காதுல்ல, அப்படித்தான் இருக்கு. வலி கிடையாது. சாப்பிடுறேன், தூங்குறேன், வகுப்புக்குப் போறேன். அழலைன்னு கூட ஒரு குறை சொன்னாங்க. என் மச்சினன் நேராவே கேட்டான், "மாமா, உங்களுக்கு அழுகையே வரலையா?"ன்னு. வரலைன்னேன். வராததை வருதுன்னு எப்படிச் சொல்றது?

சரி, மலர் விஷயத்துக்கு வரேன்.

நான் பொறுப்புக்கு வரும்போது அந்த மலர் எப்படி இருந்துச்சு தெரியுமா? சந்தைக்கடை. முதல்வர் வாழ்த்துரையில வரிக்கு ஒரு ஆச்சரியக்குறி. ஒரு பக்கத்துல ஆர். முருகேசன்னு இருக்கும், அடுத்த பக்கத்துல ரா. முருகேசன்னு இருக்கும். ரெண்டும் ஒரே ஆளு. அம்மாவைப் பத்திக் கவிதை மட்டும் ஒரு கத்தை. எல்லா அம்மாவும் மெழுகுவர்த்தி. எல்லாரும் உருகிக்கிட்டே இருக்காங்க. உக்காந்து யோசிச்சேன். ஒரு கோடை லீவு முழுக்க உக்காந்து மலருக்குன்னு நடைவிதி எழுதினேன். அம்மாவுக்கு ஒரு மலர்ல மூணு கவிதைக்கு மேல கிடையாது. நிலாவுக்கு ரெண்டு. காதலுக்கு ஒண்ணு, அதுவும் விளம்பரப் பக்கத்துக்கு எதிர்ல. முன்னெழுத்து தமிழ்லதான். தலைப்பும் தமிழ்லதான். யார் பேருக்கும் அடைமொழி கிடையாது. இறந்து போனவங்களுக்கு ஒரே ஒரு பக்கம், சின்னப் படம், நாலு வரி. எப்படி இறந்தாங்கன்னு போடக் கூடாது, 'ஈடு செய்ய முடியாத'ன்னு எழுதக் கூடாது. எழுதினா அடிச்சிருவேன்.

எங்க செயலர் ஒரு தடவை தன் அப்பா படத்துக்குக் கீழ 'கல்வித் தந்தை'ன்னு போடச் சொன்னாரு. முடியாதுன்னேன். அடைமொழி கிடையாதுன்னா யாருக்கும் கிடையாது. அடுத்த வருசம் எனக்கு வர வேண்டிய துறைத்தலைவர் பதவி வேற ஒருத்தருக்குப் போச்சு. போகட்டும். மலர்ல அடைமொழி வரலை, அது போதும்.

அந்த விதியில ஒண்ணு என்னன்னா, மலர்க்குழுவுல இருக்கறவங்களோட சொந்தக்காரங்க எழுதினது எதுவும் மலர்ல வரக் கூடாது. ஏன் அப்படி வச்சேன்னு கேளுங்க. எனக்கு முன்னாடி இருந்த வாத்தியாரு தன் பொண்ணு கவிதையைப் போட்டாரு. அந்தப் பொண்ணு எங்க காலேஜே இல்ல, ஆறாங்கிளாஸ் படிச்சுது. அடுத்த வருசம் மச்சினிச்சி போட்ட கோலம். கோலம் அண்ணாச்சி! ஒரு முழுப் பக்கம். பிள்ளைங்க பாதிப் பேர் இடமில்லாம வெளிய நிக்குது, இவரு வீட்டுக் கோலம் உள்ள வருது. அதனால அந்த விதி. நியாயமான விதிதானே? நீங்களே சொல்லுங்க. ம், அதைத்தான் நானும் சொல்றேன்.

என் பையன் எங்க காலேஜ்லயே சேர்ந்தான். வழுதின்னு பேரு. அவன் அம்மாவுக்கு அந்தப் பேரே பிடிக்கலை, 'வழுக்கி'ன்னு கூப்பிடுவாங்கன்னா. கூப்பிடத்தான் செஞ்சாங்க. முதல் வருசம் மலருக்கு ஒரு உறையில என்னமோ போட்டு என் மேசையில வச்சுட்டுப் போயிட்டான். மேல பேர் இருந்துச்சு. நான் பிரிக்கவே இல்ல. பிரிச்சுப் படிச்சிட்டா மனசு சாயும், அதனால பிரிக்காமலே சாயங்காலம் வீட்ல அவன் கையில குடுத்தேன். "விதி தெரியும்ல?"ன்னேன். "தெரியும்ப்பா"ன்னான். அவ்வளவுதான். அவன் சத்தம் போடலை, முகத்தைத் தூக்கி வச்சுக்கலை. நல்ல பையன் அவன். எங்களுக்குள்ள சண்டையே கிடையாது. நான் வீட்ல அதிகம் பேசறதில்ல, அவனும் பேச மாட்டான். அவன் ஏதாவது சொன்னா நான் 'ம்'பேன், அவனுக்குப் புரிஞ்சிரும். அப்படி ஒரு வீடு.

ரெண்டாவது வருசம், அதாவது போன மலருக்கு, ஒரு கதை வந்துச்சு அண்ணாச்சி. முத்திருளன்னு ஒரு பையன், உசிலம்பட்டிப் பக்கம், வழுதி கூடப் படிக்கறவன். 'டைம் கீப்பர்'னு தலைப்பு. விதிப்படி நான் அதை 'நேரக் காப்பாளர்'னு மாத்தினேன். பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர் இருப்பாருல்ல, எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்துச்சு, எத்தனை நிமிசம் லேட்டுன்னு குறிச்சுக்கிட்டே இருப்பாரே, அவரைப் பத்தின கதை. கூண்டுல உக்காந்து உக்காந்து அந்த ஆளுக்கு வேற எதுவும் பேசத் தெரியாமப் போச்சு. வீட்டுக்கு வந்தாலும் பையனை "ஏன் லேட்டு?"ன்னு மட்டும்தான் கேப்பாரு. பையனுக்கு அப்பாகிட்ட வேற ஏதாவது பேசணும்னு ஆசை. ஒரு நாள் வேணும்னே சீக்கிரமா வந்து வாசல்ல நிக்கறான். லேட்டு இல்ல, அதனால அந்தக் கேள்வியைக் கேக்க முடியாது, வேற ஏதாவதுதான் கேட்டாகணும், என்ன கேப்பாருன்னு பாத்துக்கிட்டே நிக்கறான். அப்பா கடிகாரத்தைப் பாக்கறாரு. பையனைப் பாக்கறாரு. 'ம்'ங்கறாரு. கதை முடிஞ்சுது.

அந்த 'ம்' இருக்கே! நான் அன்னைக்குத் தூங்கலை அண்ணாச்சி. இத்தனை வருசத்துல எங்க காலேஜ்ல எவனும் அப்படி ஒரு கதை எழுதினதில்ல. அந்த அப்பன் மேல எனக்கு அப்படி ஒரு பரிதாபம். இப்படியும் ஒரு மனுசன் இருப்பானா, பெத்த பிள்ளைகிட்டப் பேச வாய் வராமன்னு. எங்கேருந்துதான் அந்தப் பையன் இப்படி ஒரு ஆளைப் பிடிச்சானோ!

மலர் வெளியீட்டு விழாவுல முதல் பரிசு அதுக்குத்தான். கேடயம். நானே மேடையில நின்னு கடைசிப் பகுதியை வாசிச்சுக் காட்டினேன். முத்திருளனைக் கூப்பிட்டா தலையைக் குனிஞ்சுக்கிட்டே வந்தான், குனிஞ்சுக்கிட்டே வாங்கினான், கூச்சப்படுறான்னு நினைச்சேன். என் பையன் கடைசி வரிசைக்குப் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டிருந்தான். அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது அவனா வந்து பக்கத்துல உக்காந்தான். "கதை உங்களுக்கு நெசமாவே பிடிச்சுதாப்பா?"ன்னான். நான் சொன்னேன், "நீயும் அவனை மாதிரி நாலு வரி எழுதிப் பழகுடா, தமிழ் வாத்தியார் பிள்ளைன்னு சும்மா சொல்லிக்கிட்டா ஆச்சா"ன்னு. சிரிச்சான். இன்னும் ஒரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நல்லாச் சிரிச்சான் அன்னைக்கு. எதுக்குன்னு எனக்குத் தெரியலை.

அப்புறம் கார்த்திகையில இது நடந்துருச்சு. காய்ச்சல்னு படுத்தவன், அந்த வாரமே... சரி, அதை விடுங்க.

கருமாதி அன்னைக்கு முத்திருளன் வந்தான். கையில துணிப்பை. வீடு நிறையச் சொந்தக்காரங்க. நேரா வந்து எங்க முன்னாடி நின்னு அந்தக் கேடயத்தை எடுத்துக் கீழ வச்சான். "சார், இது அவனோடது. அவன்தான் எழுதினான். என் பேர்ல குடுக்கச் சொன்னான். அப்பா படிக்கணும், வேற வழியில்லன்னு சொன்னான் சார்"னு சொல்லிட்டு அப்படியே உக்காந்து அழுதான். பொம்பளைங்க எல்லாம் சேந்து அழுதாங்க. என் சம்சாரம் வனஜா அந்தக் கேடயத்தை மடியில எடுத்து வச்சுக்கிட்டா.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்ப மலர்ல தப்பான பேர் வந்திருக்கு. இந்த வருசம் திருத்தம் போடணும்"னேன்.

ஏன் அப்படி எல்லாரும் என்னைப் பாத்தாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை அண்ணாச்சி. நான் சொன்னதுல என்ன தப்பு? பேர் மாறி வந்திருக்கு. பேர் மாறினா திருத்தம் போடறதுதானே முறை? என் மச்சினன் என் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயித் தண்ணி குடுத்தான். எனக்குத் தாகமே இல்ல.

வனஜா அன்னைக்கு ராத்திரி அந்த மலரை எடுத்துக் கதையைப் படிச்சா. அவ மலரெல்லாம் படிக்கறவ இல்ல. படிச்சு முடிச்சிட்டு என்னைப் பாத்தா. "இதுல வர்ற அப்பா யாருன்னு உங்களுக்குத் தெரியலையா?"ன்னு கேட்டா. எனக்கு எப்படித் தெரியும்? எங்க குடும்பத்துல யாரும் போக்குவரத்துக் கழகத்துல இல்ல. அவ வகையில ஒரு சித்தப்பா கண்டக்டரா இருந்தாரு, ஆனா அவரு வாய் ஓயாமப் பேசுவாரு. அதைத்தான் சொன்னேன். அவ லைட்டை அணைச்சிட்டுப் படுத்துக்கிட்டா.

இப்ப விதியைப் பாருங்க. திருத்தம் போடணும், சரி. ஆனா என்னன்னு போடறது? எழுதினவன் என் பையன். நான் ஒருங்கிணைப்பாளர். அப்ப அந்தக் கதை மலர்ல வந்ததே தப்பு. பேரை மாத்திப் போட்டா அந்தத் தப்பை நானே ஊர்ஜிதம் பண்ணின மாதிரி ஆயிரும். ரொம்ப யோசிச்சு ஒரு வரி எழுதினேன். 'சென்ற மலரில் வெளியான நேரக் காப்பாளர் என்ற கதை திரும்பப் பெறப்படுகிறது.' சுத்தமா இருக்குல்ல? காரணம் கிடையாது, அடைமொழி கிடையாது. வனஜாகிட்டக் காட்டினேன். அவ அடுப்பாங்கரையில நின்னுக்கிட்டிருந்தா. படிச்சிட்டு அடுப்பை அணைச்சா.

"அப்ப அவன் பேரு எங்கயுமே வராதா?"ன்னா.

"கருமாதிப் பத்திரிகையில வந்துச்சே"ன்னேன்.

அதுதான் அண்ணாச்சி, அதுக்கப்புறம் அவ என்கூடப் பேசறதில்ல. கோவம்னு சொல்ல முடியாது. சோறு போடறா, காப்பி வைக்கறா, சட்டை தேய்ச்சு வைக்கறா. பேச்சு மட்டும் இல்ல. முன்னாடியும் அதிகம் பேச மாட்டோம், அதனால முதல்ல நான் கவனிக்கக்கூட இல்ல. ரொம்ப நாள் கழிச்சுத்தான், அட, இவ பேசி எத்தனை நாளாச்சுன்னு தோணுச்சு.

குழுவுலயும் அதே கதைதான். கிளாடிஸ்னு ஒரு மேடம், விலங்கியல், குழுவுல உறுப்பினர். தங்கமான பொம்பளை, ஆனா விதின்னா என்னன்னு தெரியாது. "சார், அந்தக் கதையை மறுபடியும் போடுவோம், வழுதி பேர்லயே போடுவோம், போட்டோவோட"ன்னு கூட்டத்துல சொல்லிருச்சு. எல்லாரும் மேசையைத் தட்டறாங்க. நான் நடைவிதியை எடுத்து அந்தப் பக்கத்தை வாசிச்சேன். கிளாடிஸ் மேடத்துக்குக் கண்ணு கலங்கிருச்சு. "இது உங்க பையன் சார்"னுச்சு. அதைத்தானே அம்மா நானும் சொல்றேன், என் பையன், அதனாலதான் கூடாது. நான் சொல்றதையே எனக்குத் திருப்பிச் சொல்லுது.

ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்க, காத்து மூஞ்சியில அடிக்குது. ம், போதும். விருதுநகர் வந்துருச்சா? டீ வேண்டாம், நீங்க குடிச்சிட்டு வாங்க, சீட்டைப் பாத்துக்கறேன்.

...வந்துட்டீங்களா. எதுல விட்டேன்? ஆமா, கூட்டம். வீட்டுக்கு வந்து பாத்தா வனஜா அந்தக் கேடயத்தைத் துடைச்சுக்கிட்டிருக்கா. அதுல முத்திருளன் பேர் பொறிச்சிருக்கு. அந்தப் பேரைத் துடைச்சுக்கிட்டே இருக்கா, துணியை வச்சு. பித்தளையில பொறிச்ச எழுத்து துணியில போகுமா? நான் ரொம்ப நேரம் நின்னு பாத்தேன். அவ நிறுத்தலை.

மறுநாள் போய் விலகல் எழுதிக் குடுத்துட்டேன். அதுலயும் விதிமீறல் இல்ல, பாத்துக்கங்க. குழுவுல இருக்கறவங்க சொந்தக்காரங்கதானே எழுதக் கூடாது? நான் குழுவுல இல்லைன்னா அவன் யாரோ ஒரு மாணவன். கதை வரலாம், பேர் வரலாம். விதியை மாத்தச் சொன்னாங்க, ஒரு தடவை கண்ணை மூடிக்கங்கன்னாங்க. விதியை நான் தொடலை. நான்தான் நகர்ந்துக்கிட்டேன். எல்லாரும் நான் ஏதோ பெரிய தியாகம் பண்ணின மாதிரி பேசினாங்க. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல, அதுக்காகத்தான்.

வனஜாகிட்டப் போய்ச் சொன்னேன். "கதை வருது. அவன் பேர்லயே வருது. நான் குழுவுலேர்ந்து விலகிட்டேன்"னேன். என்னை நிமிந்து பாத்தா. அன்னைக்குக் காப்பியில மட்டும் சர்க்கரை சரியா இருந்துச்சு. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாது.

இப்ப கிளாடிஸ் மேடம்தான் ஒருங்கிணைப்பாளர். என் நடைவிதி பாதி போச்சு. அம்மாவுக்கு இந்தத் தடவை ஒம்பது கவிதை. மறுபடியும் மெழுகுவர்த்தி ஏத்திட்டாங்க. பையன் கதைக்கு 'டைம் கீப்பர்'னே தலைப்பு வச்சிருக்காங்க, அவன் வச்சது அதுதான்னு. நான் ஒண்ணும் சொல்லலை. சொல்ல எனக்கு இனி அதிகாரம் இல்லையே. ஆனா ஒரே ஒரு விதியை மட்டும் அந்த அம்மா கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு. அதுதான் எனக்கு வினை.

என்னன்னா, ஒவ்வொரு படைப்புக்கும் கீழ, எழுதினவரைப் பத்தி ரெண்டு வரி வரும். முதல் வரி பேர், வகுப்பு, ஊர். ரெண்டாவது வரி அவங்களுக்கு என்ன பிடிக்கும். அது நான் கொண்டு வந்ததுதான். சும்மா பேரும் ரோல் நம்பரும் போட்டா ஜெயில் பதிவு மாதிரி இருக்கும், ஒரு பிள்ளையை ஒரு பிள்ளையாக் காட்டணும்னு நினைச்சேன். அதுலயும் கண்டிப்பு உண்டு. ஊகத்துல எழுதக் கூடாது. எழுதின பிள்ளையை நேர்ல கூப்பிட்டுக் கேட்டுத்தான் எழுதணும். எல்லாப் பிள்ளையையும் என் அறைக்குக் கூப்பிட்டு நானே கேட்டிருக்கேன். "உனக்கு என்னப்பா பிடிக்கும்?"னு. எப்படியெல்லாம் சொல்லுவாங்க தெரியுமா! ஒரு பொண்ணு, புதுப் புத்தகத்தை மோந்து பாக்கப் பிடிக்கும்னுச்சு. ஒருத்தன் ஆட்டுக்குட்டி தும்முறதைப் பாக்கப் பிடிக்கும்னான். வணிகவியல்ல ஒருத்தி, தம்பி தூங்கும்போது அவன் உள்ளங்காலைக் கிள்ளப் பிடிக்கும்னா. எல்லாம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. முத்திருளனைக் கேட்டப்ப, அவன் ரொம்ப நேரம் முழிச்சிட்டுக் கபடின்னான்.

நேத்து கிளாடிஸ் மேடம் போன் பண்ணுச்சு. "சார், எல்லாம் ரெடி. பக்கம் முடிச்சாச்சு. வழுதி பத்தி ரெண்டு வரி மட்டும் வேணும், நீங்களே எழுதித் தாங்க. நாளைக்கு நான் பிரஸ்லதான் இருப்பேன்"னுச்சு. சரின்னு அங்கேயே சொன்னேன், எழுதிக்கம்மா, சு. வழுதி, மூன்றாம் ஆண்டு இயற்பியல், திருமங்கலம். "அது தெரியும் சார், ரெண்டாவது வரி சொல்லுங்க"ன்னுச்சு.

அண்ணாச்சி, நான் போனைக் காதுல வச்சுக்கிட்டே நிக்கறேன். அந்த அம்மா "சார், சார்"ங்குது.

அவன் ரத்த வகை சொல்லுவேன், ஓ பாசிட்டிவ். ஆஸ்பத்திரியில கேட்டாங்க, அப்பத் தெரிஞ்சுக்கிட்டேன். செருப்பு சைஸ் தெரியும், என்னுதை எடுத்துப் போட்டுக்கிட்டுப் போயிருவான். பரீட்சை மார்க்கெல்லாம் சொல்லுவேன். என்ன பிடிக்கும்னா? தோசை பிடிக்கும்னு எழுதலாமான்னு பாத்தேன். ஆனா அன்னைக்கு ஒரு நாள்தான் இன்னொண்ணு கேட்டு வாங்கினான். ஒரு நாளை வச்சு எழுத முடியுமா? அது ஊகம்.

வனஜாகிட்டக் கேட்டேன். இத்தனை மாசத்துல அப்பத்தான் அவ வாயைத் திறந்தா. "எனக்குத் தெரியும். ஒரு நோட்டு நிறைய எழுதற அளவுக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்"னா. "ஊரு பிள்ளைக்கெல்லாம் எழுதினீங்கல்ல. உங்க பிள்ளைக்கு நீங்களே எழுதுங்க"ன்னா. சத்தமாக்கூடச் சொல்லலை. முத்திருளனுக்குப் போன் போட்டேன். "நிறையப் பிடிக்கும் சார், அவனுக்கு நிறையப் பிடிக்கும்"னு சொல்லிட்டு அழ ஆரம்பிச்சுட்டான். அழறவன்கிட்ட எப்படிக் கேக்க? வச்சிட்டேன். அவன் அறைக்குப் போய் உக்காந்தேன். சட்டை தொங்குது, புத்தகம் இருக்கு, சைக்கிள் பூட்டு ஒண்ணு இருக்கு. அதையெல்லாம் பாத்தா எதைப் பிடிக்கும்னு எப்படித் தெரியும்? நேர்ல கூப்பிட்டுக் கேக்கணும். அதான் விதி. இவனை எங்க போய்க் கேக்க?

முதல் வருசம் அந்த உறையைப் பிரிச்சிருந்தாக்கூட விதிப்படி அவனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க மாட்டேன். ஏன்னா அவன் என் பையன். காலேஜ்ல எல்லாப் பிள்ளையையும் கேட்டாச்சு.

இது திருத்தங்கல்தானே? அப்ப வந்துருச்சு. கிளாடிஸ் மேடம் ரெண்டு தடவை போன் அடிச்சிருச்சு, நான் எடுக்கலை. மிஷின் காத்துக்கிட்டு நிக்குதாம். வரி வரலைன்னா அந்த இடத்தை வெறுமையா விட்டு அடிச்சிருவோம்னு மெசேஜ் போட்டிருக்கு. எல்லாப் பிள்ளைக்கும் ரெண்டு வரி இருக்கும், இவனுக்கு மட்டும் ஒரு வரி. வனஜா அதைத்தான் முதல்ல பாப்பா.

அண்ணாச்சி, உங்களுக்கு இந்தப் பொண்ணு மட்டும்தானா? ஒரு பையனும் உண்டா. என்ன படிக்கறான், பாலிடெக்னிக்கா? சரி. தப்பா நினைக்கலைன்னா ஒண்ணு கேக்கறேன். அவனுக்கு என்ன பிடிக்கும்?

பாருங்க, யோசிக்கவே இல்ல நீங்க. சிரிச்சுக்கிட்டே சொல்றீங்க. புரோட்டாவைப் பிய்க்காம முழுசாச் சுருட்டித் திங்கப் பிடிக்கும். அக்காவோட சண்டை போடப் பிடிக்கும். அப்புறம்? ரயில்வே கேட் போட்டா... இருங்க, மெதுவாச் சொல்லுங்க. வண்டியை நிறுத்திட்டு, இறங்கிப் போய்க் கேட்டுக்கிட்ட நின்னு, போற ரயிலுக்குக் கை காட்டுவானா? மீசை வச்ச பையனா? ரயில்ல இருக்கறவங்க திருப்பிக் காட்டுவாங்களா? காட்டலைன்னாலும் கடைசிப் பெட்டி போற வரைக்கும் காட்டிக்கிட்டே நிப்பானா.

எங்க ஊர்லயும் ஒரு கேட் இருக்கு அண்ணாச்சி. காலேஜுக்குப் போற வழியில. அவன் தினம் அதைத் தாண்டித்தான் சைக்கிள்ல போவான். காலையில அந்த நேரத்துக்கு ஒரு வண்டி உண்டு, கேட் போடத்தான் செய்வாங்க. அவனும் இறங்கி நின்னிருப்பான். நின்னிருப்பான்ல? அவங்க அம்மாவுக்குக்கூட அது தெரிஞ்சிருக்காது. இல்லைன்னு யாராலயும் சொல்ல முடியாது.

நீங்க முதல்ல இறங்குங்க, எனக்கு அவசரமில்ல. இல்ல, ஒரு நிமிசம் நில்லுங்க. உங்க பையன் ஒண்ணும் சொல்ல மாட்டானே?

அதை நான் எழுதிக்கட்டுமா, அண்ணாச்சி?